வளையத்துக்கு மேலே இரண்டு சாண்

கூடைப்பந்து இறுதியாட்டத்தின் கடைசி நொடியில் ஏணி எறிந்த பந்து பத்தொன்பது வருஷம் ஏழு மாதம் கீழே வரவில்லை. உள்ளரங்கத்தின் வடக்கு வளையத்துக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில், மெதுவாகச் சுற்றிக்கொண்டு, அது பாட்டுக்கு நின்றது. ஒரு முழுச் சுற்றுக்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டது. முதல் நாள் கூட்டம் வீட்டுக்குப் போகாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து ஆளை ஏற்றி இழுத்துப் பார்த்தார்கள். சுவரில் இறங்கிய ஆணி மாதிரி இம்மியும் அசைந்து கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எதிரணிக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துணிமூட்டையோடு பேருந்து ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் எழுபத்திரண்டு, நம் ஆட்கள் எழுபத்தொன்று. ஆனாலும் ஜெயித்ததாக அவர்களால் சொல்லிக்கொள்ள முடியவில்லை, தோற்றதாக இவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

காரணம் விதி. பஸர் அடிப்பதற்கு முன்னால் பந்து கையை விட்டுக் கிளம்பியிருந்தால், அது விழுந்து முடியும்வரை ஆட்டம் முடியாது. வளையத்துக்குள் விழுந்தால் இரண்டு புள்ளி, வெளியே விழுந்தால் ஒன்றுமில்லை. விழவே விழாவிட்டால் என்ன செய்வது என்று விதி எழுதியவர்களுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. நடுவர் இரண்டு நாள் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார், பிறகு அதைச் சம்மேளன அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுச் செருப்புக்கடை வைக்கப் போய்விட்டார். சம்மேளனம் கூடியது. பந்து ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று நாலு மணிநேரம் வாதம் நடந்தது, ஏனென்றால் வளையத்துக்கு மேல் இறங்கும் பந்தை யாரும் தொடக்கூடாது. 'இறங்கிக்கொண்டிருக்கவும் கூடும்' என்று தீர்மானம் போட்டுப் பந்தை யாரும் தொடக்கூடாது என்றார்கள். அதன்மேல் சேர்ந்த தூசியைத் தட்டுவது தொடுவதில் சேருமா என்று இன்னும் மூன்று கூட்டம் நடந்தது. சேரும் என்று முடிவானதால் தூசி அப்படியே படிந்தது. ஒரு புறா மட்டும் அதன்மேல் உட்கார்ந்து நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தது. அதற்கு எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை.

ஏணிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நிலைப்படி இடிக்கும் உயரம், அந்த உயரத்துக்குச் சற்றும் குறையாத தலைக்கனம். ஊர் அவனை 'அவர்' என்றுதான் சொல்லும், இங்கே அவன்தான். அவன் மோசமான ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது. கையில் பந்து வந்தால் வளையத்தில் போடத் தெரியும். இன்னொருவர் கையில் பந்து இருந்தால் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. பந்தா காட்டுவதற்கென்றே பிறந்தவன். அந்தப் பந்து மேலே நின்ற மறுநாள் காலையிலிருந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான். உள்ளே போகாத பந்துதான், ஆனால் வெளியேயும் போகவில்லையே! உலகத்தில் இதுவரை தவறாத பந்து தன்னுடையதுதான் என்று பேட்டி கொடுத்தான். பேட்டி எடுத்தவனும் தலையாட்டிக்கொண்டே எழுதிப்போட்டான். கொஞ்சம் மூளை உள்ள ஒருவராவது 'போகவும் இல்லையேப்பா' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஆட்டத்தில் புள்ளி எழுதிய பெண்ணை எல்லோரும் மேசைக்காரி என்பார்கள். பகலில் அவளுக்கு வேறு உத்தியோகம். கடைக்காரர்களின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருந்தாள். ஒரு கிராம் குறைந்தாலும் கல்லைத் திருப்பித் தள்ளிவிடுவாள்; அழுதாலும் சரி, அதட்டினாலும் சரி. அவளுக்குப் பிடித்த வேலை அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் களத்தின் ஓரத்து மேசையில், முன்னால் விரித்த தாளில், யார் எறிந்தது, யார் கொடுத்தது, யார் தட்டிப் பறித்தது என்று நொடி தவறாமல் பதிவு செய்வதுதான் அவளுக்கு உயிர். மற்றவர்கள் காலியாக விட்டுவிடும் குறிப்புப் பத்தியைக்கூட அவள் குட்டி எழுத்தில் நிரப்பிவிடுவாள். பத்து நிமிஷம் அவள் தாளைப் படித்தால் ஆட்டத்தைப் பார்க்காதவனுக்கும் வியர்த்துவிடும். பத்துப் பேர் ஓடும் ஓட்டத்தில் ஒருவனையும் விடாமல் பார்ப்பவள் அந்த அரங்கத்தில் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும், அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. மேசைக்கென்று ஒரு விதி உண்டு: பழைய தாளில் கையெழுத்துப் போட்டு மூடாமல் புதுத் தாளைத் திறக்கக்கூடாது. ஆட்டக்காரர்களுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. ஏணி அடுத்த மாதமே வேறு ஆட்டத்தில் இறங்கிவிட்டான். விதி எழுதுகிறவர்களுக்கு மேசையில் இருப்பவர்கள் ஞாபகம் வருவது எதையாவது தடுக்கும்போது மட்டும்தான். பந்து விழுந்தால்தான் அவளுடைய தாள் மூடும். ஆகவே அவள் தினமும் காலை அலுவலகம் போகும் வழியில் அரங்கத்துக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, தேதி போட்டு, 'பந்து காற்றில்' என்று எழுதி, பேனாவை மூடிவிட்டுப் போனாள். தாளில் இடம் தீர்ந்ததும் ஒட்டுத்தாள் சேர்த்தாள். கடைசியில் அந்தத் தாள் ஒரு தலையணை தடிமனுக்கு வந்தது.

தினமும் காலையில் ஏணியும் வருவான். தன்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இருபத்துநாலு வயதில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பந்துக்குக் கீழேயே நின்று கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். கேட்கும்போதும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தாள், பாவம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆனபிறகுதான் விஷயம் அவளுக்கு உறைத்தது. தாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் மனிதன் தாளை எழுதுபவளையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். காலையில் பல் துலக்கும்போது கேட்பான், குளித்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கேட்பான்: "நீயே சொல்லு, உள்ளதானே போகும்?" அவள் ஒரே பதில்தான் சொல்வாள்: "விழட்டும். எழுதுறேன்."

ஆனால் அவள் கண்ட இன்னொரு விஷயம் உண்டு, அதை ஊரில் வேறு யாரும் கண்டதாகத் தெரியவில்லை. ஏணி எறிவதற்காக எம்பிய அந்த நேரத்தில், வளையத்துக்கு நேர் கீழே அவனுடைய அணிக்காரன் ஒருவன் தனியாக நின்றிருந்தான். பொத்தான் என்று கூப்பிடுவார்கள், ஆள் அவ்வளவுதான் உயரம். எதிரணிக்காரர்கள் ஐந்து பேரும் ஏணி மேலேயே விழுந்துகொண்டிருந்ததால் பொத்தானைக் கண்டுகொள்ள ஒரு நாதியில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு "குடு! குடு! குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பான், ஆட்டம் அங்கேயே முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஏணி கொடுக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் வந்த புகைப்படம் இன்றுவரை கடை கடையாக மாட்டியிருக்கிறது: நடுவில் ஏணி, மேலே பந்து, கீழ் ஓரத்தில் முழங்கையோடு வெட்டுப்பட்ட இரண்டு கைகள். யாரோ ரசிகனின் கைகள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

முப்பத்துமூன்று வயதில் ஏணிக்கு முழங்கால் போனது. ஓய்வு பெறுகிறேன் என்று கண்ணீர் விட்டான், மறு வாரமே நகர அணிக்குப் பயிற்சியாளனாக நியமித்தார்கள். தகுதி என்ன என்று ஒரு அதிகப்பிரசங்கி கேட்டதற்குச் சம்மேளனத் தலைவர் கூரையைச் சுட்டிக்காட்டினார். தலைவர் கட்டையான மனிதர், எந்தக் கேள்விக்கும் எங்கேயாவது சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்வார். ஏணி பயிற்சி கொடுத்த அழகை என்னவென்று சொல்வது! ஓடக் கற்றுக்கொடுக்கவில்லை, தடுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதைப் பற்றி மூச்சே விடவில்லை. அவன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: எறி, எறிந்தபின் வலது கையை மேலேயே வைத்து மணிக்கட்டைத் தொங்கவிடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நில். "ஓடாத! ஓடினா உனக்கே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்பான். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். எறிந்துவிட்டு ஐந்து பேரும் ஐந்து சிலைகளாக நிற்க, பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்க, எதிரணிக்காரன் அதைப் பொறுக்கிக்கொண்டு காலாற நடந்துபோய் மறுபக்கம் போட்டுவிட்டு வந்தான். தடுக்க ஆள் வேண்டுமே! எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டல்லவா நிற்கிறார்கள்.

பதினைந்து வருஷத்தில் அந்த அணி பதினாலு ஆட்டம் ஜெயித்தது. அதில் ஒன்பது, எதிரணியின் பேருந்து வராததால் கிடைத்தது. தோற்றதற்கெல்லாம் ஏணியிடம் காரணம் இருந்தது: தரையில் மெழுகு அதிகம், விசிறியில் காற்று அதிகம், பிள்ளைகளிடம் நம்பிக்கை குறைவு. ஒவ்வொரு வருஷமும் அவனை மாற்றலாமா என்று பேச்சு எழும், ஒவ்வொரு வருஷமும் யாராவது "அவர் பந்து இன்னும் மேலதானே இருக்கு" என்பார்கள், பேச்சு அடங்கிவிடும். தோற்ற ஆட்டத்துக்கும் கூட்டம் கைதட்டியது. "விட்டுட்டு நிக்கிற அழகைப் பாருங்க சார், கை தொங்குற தொங்கலைப் பாருங்க!" பிறகு அந்தத் தொங்கல் ஊருக்கே ஒரு வணக்கமாகிவிட்டது. கூட்டங்களில் எழுந்து நின்று வலது கையைத் தூக்கி மணிக்கட்டைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பார்கள். யார் அதிகம் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று அதிலும் போட்டி. முதலில் பந்தைத்தான் பார்த்தார்கள். போகப் போகக் கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து, பார்வை பந்தைத் தாண்டிக் கூரைத் தகரத்துக்குப் போய்விட்டது. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஏணியிடம் படித்த பிள்ளைகளுக்குக் கழுத்து அந்த வாக்கிலேயே இறுகிப்போனது. தெருவில் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்கிறவனைக் கண்டால் எந்த வருஷத்து அணி என்று மட்டும் கேட்டால் போதும். அவர்களில் இரண்டு பேருக்குத் தெருவிளக்கு பார்க்கும் வேலை கிடைத்தது, அதையும் ஏணி தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டான்.

மேசைக்காரி இதையெல்லாம் வீட்டிலும் அரங்கத்திலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரங்கத்தின் மற்ற ஆட்டங்கள் குறுக்குவாட்டுக் களத்தில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காருவாள். மேசையில் இருக்கும் புதுப் பையன்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு, கொடுத்தவனை விட்டுவிட்டுப் போட்டவனை மட்டும் எழுதுவதைக் காணக் காண அவளுக்கு வயிறு எரியும். மடியில் வைத்த கைவிரல் தானாக எழுதிக்கொண்டிருக்கும். தலைநகரத்தில் தலைமை மேசைக்கு அவளை இரண்டு முறை கூப்பிட்டார்கள். திறந்த தாள் இருப்பதால் இரண்டு முறையும் முடியாது என்று எழுதிப்போட்டாள். அந்தக் கடிதங்களை எழுதிய அன்று மட்டும் அவள் அழுதாள். ஏணி என்ன ஏது என்று கேட்கவில்லை. கண்ணாடி முன் நின்று மணிக்கட்டைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொத்தான் என்ன ஆனான் என்று யாரும் விசாரிக்கவில்லை. அவன் அரங்கத்திலேயே தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். காலையில் துடைப்பு முடிந்ததும் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, வடக்கு வளையத்துக்குக் கீழே போய், இரண்டு கையையும் விரித்து மூன்று நிமிஷம் நிற்பான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் கைகளில் மெழுகு வாசனை அடிக்கும். பல வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே எழுதிவந்த மேசைக்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எதுக்குண்ணே தினமும் நிக்கிறீங்க?"

"ஆட்டம் முடியலையேம்மா. என் இடம் இதுதானே."

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இருக்கு. அதுக்காக இடத்தை விட்டுட்டுப் போவாங்களா?"

அவள் அன்றைய தேதிக்கு நேரே 'பந்து காற்றில்' என்று எழுதினாள். பிறகு பக்கத்தில், 'பொத்தான் இடத்தில்' என்றும் எழுதினாள். அன்றிலிருந்து இரண்டையும் எழுதுவது வழக்கமாயிற்று.

இருபதாவது வருஷம் ஊருக்குப் புது அரங்கம் வந்தது. கண்ணாடியும் குளிர்சாதனமுமாகப் பளபளவென்று கட்டி நிறுத்தினார்கள். பழையதைப் பூட்டிவிடப் போகிறார்கள். முடியாத ஆட்டம் ஒன்று உள்ளே இருக்கும்போது அரங்கத்தைப் பூட்ட முடியாது என்று எந்தக் குமாஸ்தாவோ கோப்பில் எழுதிவைத்துவிட்டான். தலைவர் வழக்கம்போல ஒரு திசையைச் சுட்டிக்காட்டினார், இந்த முறை மேசைக்காரியை. பந்து உள்ளே போனதாகக் கருதி இரண்டு புள்ளி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியது. ஆட்டம் எழுபத்துமூன்றுக்கு எழுபத்திரண்டு என்று வெற்றியாக முடியும், புது அரங்கத்துக்கு ஏணியின் பெயர் வைப்பார்கள், ஏணி நாட்டு அணிக்குப் பயிற்சியாளன் ஆவான். அவளுக்கும் ஒன்றுமில்லாமல் இல்லை. தாள் மூடிய மறுநொடியிலிருந்து புது அரங்கத்தின் தலைமை மேசை அவளுடையது. அது அவள் பத்தொன்பது வருஷமாக ஏங்கிய நாற்காலி. ஒரு பொய், இரண்டு எண், அவ்வளவுதான் விலை.

அன்றைக்கு ஏணி கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவளுக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். எதிரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"ஒரு கையெழுத்து. உனக்கென்ன வலிக்குது? உனக்கும்தானே நல்லது."

"பந்து விழலையே."

"விழாது. அதுதான் அதோட அழகே."

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த நாற்காலியின் மேல், முன்னால் விரியும் வெள்ளைத்தாளின் மேல், அப்படி ஒரு ஆசை. தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, ஒன்று மட்டும் கேட்டாள்.

"அன்னைக்குப் பொத்தான் அண்ணன் கத்தினது உங்க காதுல விழுந்துச்சா?"

ஏணி சிரித்தான். "விழாம என்ன? காதுக்குள்ளயே கத்தினான். அவனுக்குக் குடுத்திருந்தா போட்டோல யாரு இருப்பா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் கையெழுத்துப் போட்டிருப்பாளோ என்னவோ. மனிதன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, தான் குடித்த காலிக் கோப்பையைக்கூட எடுக்காமல், சட்டை தைக்கக் கொடுத்த இடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவள் எழுந்து தேநீரைத் தொட்டியில் ஊற்றினாள். அலமாரியிலிருந்து தலையணை தடிமன் தாளை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்தைத் தானே மூன்று முறை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பழைய அரங்கத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் பதினைந்து வருஷத்துப் பழைய அணிக்காரர்கள் கழுத்தை நிமிர்த்தியபடி வழி தெரியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எதிரணியிலிருந்து ஒருவரும் வரவில்லை, அழைப்பு பழைய முகவரிக்குப் போயிருந்தது. தலைவர் பேசினார், துணைத்தலைவர் பேசினார், பிறகு ஏணி பேசினான். நாற்பது நிமிஷம், பந்து சரியாக ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை. பேச்சில் 'நான்' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எழுத ஒரு தனி மேசை போட்டிருக்க வேண்டும். பொத்தானை யாரும் கூப்பிடவில்லை. அவன் காலைத் துடைப்பு முடிந்து, வாளியை வைத்துவிட்டு, வழக்கம்போலத் தன் இடத்தில் வந்து நின்றிருந்தான். துடைப்பக்காரன் நடுவில் நிற்கிறானே என்று ஒரு அதிகாரி சாடை காட்டினார், அவன் நகரவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு சம்பிரதாயம் இருந்தது. தாளை மூடும்போது கடைசி ஒரு நிமிஷத்துப் பதிவை மேசையிலிருந்து உரக்கப் படிக்க வேண்டும். எல்லா ஆட்டத்திலும் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். மேசைக்காரி எழுந்து நின்று, ஒலிபெருக்கியை வாய்க்கு நேரே திருப்பிக்கொண்டு, சாவகாசமாகப் படித்தாள். யார் யாருக்குக் கொடுத்தது, யார் தடுத்தது, யார் விழுந்து எழுந்தது என்று வரிசையாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"கடைசி நொடி. ஏணி எறிகிறார். வளையத்துக்குக் கீழே பொத்தான், தடுக்க ஆள் இல்லாமல், இரண்டு கையும் விரித்தபடி. மூன்று முறை 'குடு' என்கிறார். கொடுக்கப்படவில்லை."

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. பொத்தானா, யாரது, என்று பின்வரிசையில் கேட்டார்கள். தலைவருக்கு வியர்த்துவிட்டது. சுட்டிக்காட்ட வேறு இடம் கிடைக்காமல் கூரையைக் காட்டி, "எல்லாரும் எழுந்து நில்லுங்க, வணக்கம்!" என்று கத்தினார். அவ்வளவுதான், இரண்டாயிரம் பேரும் எழுந்து, இரண்டாயிரம் கைகளைத் தூக்கி, மணிக்கட்டைத் தொங்கவிட்டு, ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு அண்ணாந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது பந்து விழுந்தது. எல்லாப் பந்தும் விழுவது போலத்தான் விழுந்தது. வளையத்தில் படவில்லை, பலகையில் படவில்லை, வலையின் நுனியைக்கூட உரசவில்லை. இரண்டடி இடதுபக்கம் தள்ளி, பொத்தானின் விரித்த கைகளில் வந்து உட்கார்ந்தது. பத்தொன்பது வருஷத் தூசி ஒரு புகையாக எழுந்தது, பொத்தான் இரண்டு தும்மல் போட்டான். பார்த்தவர்கள் மூன்றே பேர். பொத்தான், வாழ்நாளில் பந்திலிருந்து கண்ணை எடுத்துப் பழக்கமில்லாத மேசைக்காரி, மேடையில் நின்றபடி மேலே பார்க்காமல் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்த ஏணி. அவன் முழுசாகப் பார்த்தான். பந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதையும் பார்த்தான். மேசைக்காரி அவனைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவனுக்கு வாய் திறந்து ஏதாவது சொல்ல வேளை இருந்தது. அவன் மெதுவாக வலது கையைத் தூக்கி, மணிக்கட்டைத் தொங்கவிட்டு, தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டான்.

சீ, என்றாள் அவள். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. வணக்கத்தில் இருந்தவர்கள் அதை ஒரு தும்மல் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்தாள். 'பந்து விழுந்தது. வளையத்துக்கு வெளியே, இடதுபக்கம் இரண்டடி. பிடித்தவர் பொத்தான்' என்று எழுதினாள். அதற்குக் கீழே எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று எழுதிக் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தாள். எடைக்கல்லில் முத்திரை குத்துகிறபோது அழுத்துவதுபோல அழுத்தியதில் கீழே இருந்த ஆறு தாளுக்கு மை இறங்கியது. தலையணையைத் தலைவரின் நாற்காலியில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் முடிந்து கைகள் இறங்கியபோது மேலே பந்து இல்லை. கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஒரு கிழவர் "விழுந்துடுச்சோ?" என்று கேட்டார், பக்கத்தில் இருந்தவர்கள் அவரை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். தலைவர் மேலே சுட்டிக்காட்டி, "இன்னும் மேல போயிருக்கு" என்றார். ஊர் முழுக்கக் கைதட்டியது. கூரைத் தகரத்தில் எப்போதோ துருப்பிடித்து விழுந்த ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள், பந்து போன வழி அதுதான் என்று ஆகிவிட்டது. மறுநாள் பேட்டியில் ஏணி, "நான் எறிந்தது அப்படி" என்றான். புது அரங்கத்துக்கு அவன் பெயரை வைத்தார்கள். நாட்டு அணி அவனிடம் போனது, ஒரே வருஷத்தில் நாடு முழுக்க விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மேசைக்காரியின் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டியிருக்கிறார்கள். இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கண்ணாடி மார்பு உயரத்தில் இருக்கிறது, அதைப் படிக்கத் தலையைக் குனிய வேண்டும், ஆகவே இதுவரை யாரும் படிக்கவில்லை.

மேசைக்காரிக்குத் தலைமை மேசை கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கும் போகவில்லை. மாலையில் அக்கா வீட்டுக்குப் போய், இனிமேல் இங்கேதான் என்று சொல்லிவிட்டாள். அக்கா எதுவும் கேட்காமல் இன்னொரு தட்டு வைத்தாள். மனைவி போனது ஏணிக்கு எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்கிறார்கள், துண்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாதபோது.

ஆனால் அக்கா வீட்டுக்குப் போவதற்கு முன்னால், அன்று மாலை நாலு மணிக்கு, பழைய அரங்கத்தின் குறுக்குவாட்டுக் களத்தில் ஒரு கடைசி ஆட்டம் இருந்தது. பள்ளிக்கூடப் பெண்கள், இரண்டு அணி, பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர். புள்ளி எழுத வேண்டிய பையன் விழாவிலேயே கழுத்துப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் போய்விட்டான். மேசைக்காரி போய் உட்கார்ந்து ஒரு புதுத் தாளை விரித்தாள். இரண்டு கையாலும் அதைத் தடவிச் சமமாக்கினாள், சிரிப்பு வந்தது. ஆடப் பந்து இல்லை, இருந்ததையெல்லாம் புது அரங்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெண்கள் புகார் சொன்னார்கள். பொத்தான் தன் கையில் இருந்ததை ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவந்தான். பத்தொன்பது வருஷத்தில் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது. பம்பை வைத்து நாலு அழுத்து அழுத்தி, தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தான். நன்றாகவே எம்பியது. உள்ளே வீசினான். அதைப் பிடித்த பெண், வளையத்தைப் பார்க்காமல், பக்கத்தில் கை விரித்து நின்றவளைப் பார்த்து அவளுக்குக் கொடுத்தாள். மேசைக்காரி அதை எழுதிக்கொண்டாள்.